உணவுச் செடி இருக்கு, பட்டாம்பூச்சி தங்கலையே: காரணம் வெயிலா, கூட இருக்கிற உயிர்களா?

கரிசல்_டீச்சர்
வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஒரு பள்ளி வளாகம். கரிசல் கலந்த மண், 40க்கு 25 அடி இடம். எருக்கு, கறிவேப்பிலை, நாரத்தை, ரணகள்ளி, தொட்டியில் ஒரு சைகஸ் (பனை மாதிரி இலை விரிக்கிற அலங்காரச் செடி), வேலியில் ஈஸ்வரமூலி இரண்டு கொடி. தேனுக்கு இட்லிப்பூவும் உண்ணிச்செடியும். காலையில் பட்டாம்பூச்சி நிறைய வருது, தேன் குடிச்சிட்டுப் போயிடுது. புழு பார்க்கிறது எருக்கில் மட்டும்தான், அதுவும் பெருசானதும் காணாமப் போயிடுது. "இது வெயில் பூமி, இங்கே இவ்வளவுதான்"னு ஒரு கருத்து இருக்கு. அது சரியா? வெயில்தான் தடையா, வேற உயிர் ஏதாவது தடுக்குதான்னு பிரிச்சுப் பார்க்க வழி உண்டா?

முசுறு
டீச்சர், தேன் குடிக்க வந்தாலே பாதி பதில் கிடைச்சாச்சு. வளர்ந்த பூச்சிக்கு உங்க வெயில் ஒத்துக்குது. வளராதது புழு. புழு எங்கே வாழும்னு முடிவு பண்றது முதல்ல செடி, அப்புறம் அந்தச் செடியைச் சுத்தி இருக்கிற எறும்பு, ஈ, குளவி, பறவை.

உணவுச் செடி பரவியிருக்கிற இடத்தைக் கோடு போட்டா அதுதான் வெளி எல்லை. அதைத் தாண்டி அந்த இனம் குடியிருக்காது, பறந்து போகலாம் அவ்வளவுதான். கோட்டுக்கு உள்ளே எந்தத் துண்டில் தங்கும்னு சொல்றது மத்த உயிர்கள். உங்க தோட்டம் கோட்டுக்கு உள்ளே இருக்கு. பிரச்சினை அதுக்கும் உள்ளே.

இன்னொன்று: எருக்குப் புழு (வெந்தய வரியன்னு வச்சுக்கிறேன், கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை, முதுகில் மூணு ஜோடிக் கருப்புக் கொம்பு) பெருசானதும் "காணாமப் போறது" சாவாத்தான் இருக்கணும்னு இல்லை. கூட்டுப்புழு ஆக அது செடியை விட்டு இறங்கிப் பல அடி நடக்கும். ஜன்னல் விளிம்புக்கு அடியில், தொட்டியோட உதட்டுக்குக் கீழே, பக்கத்து வேற செடியில் தேடுங்க. பச்சையாவோ இளஞ்சிவப்பாவோ, மேலே தங்கப்புள்ளி வச்சுத் தொங்கும். அதுவும் இல்லைன்னா அப்புறம் எதிரியைத் தேடலாம்.

மேகமலை_வாசி
வெயிலை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புழு தின்பது நீரடிமுத்து, அதாவது மரவட்டை. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரை ஈரத்தில் நிற்கிற மரம். அந்த மரத்தை அங்கே நிறுத்தி வைப்பது மழையும் ஈரமும்தான். பட்டாம்பூச்சியின் எல்லை மரம் போட்ட எல்லை என்றால், மரத்தின் எல்லை காலநிலை போட்டது. கடைசியில் காலநிலைதானே முதலாளி?

முசுறு
சரி, ஆனா நீரடிமுத்து இருக்கிற ஒவ்வொரு ஓடையிலும் மறவன் இருக்கா? காலநிலை உள்ளே விடுது. உள்ளே நுழைஞ்ச பிறகு யார் தங்கறது, யார் கிளம்புறதுன்னு அது சொல்றதில்லை.

புல்தரை
நீங்கள் இருவரும் பேசுவதற்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஒரு வழக்கு இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் வெயிலும் எறும்பும் ஒரே கதவின் இரண்டு தாழ்ப்பாள்கள்.

லார்ஜ் புளூ என்ற நீலப் பட்டாம்பூச்சி. புழு முதல் மூன்று வாரம் போலக் காட்டுத் தைம் என்ற சிறு செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து காத்திருக்கும். மிர்மிகா இனத்துச் சிவப்பு எறும்பு ஒன்று வந்து, அதன் முதுகில் சுரக்கும் திரவத்தை நக்கும். கொஞ்ச நேரத்தில் புழு உடலை உப்பி, எறும்பின் சொந்தப் புழுவைப் போல மாறிக்கொள்ளும். எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துக் கூட்டுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போனதும் அது எறும்புக் குஞ்சுகளைத் தின்று சுமார் பத்து மாதம் வாழும். கடைசி எடையில் 98 சதவீதத்துக்கு மேல் அந்தக் கூட்டுக்குள்ளேதான் ஏறுகிறது.

எண்ணிக்கை குறைந்தபோது சேகரிப்பாளர்கள் பிடித்துப் போகிறார்கள் என்று நினைத்து இடத்தை வேலி போட்டு அடைத்தார்கள். ஆடு மாடு உள்ளே வரவில்லை. பட்டாம்பூச்சி இன்னும் வேகமாகப் போயிற்று. தைம் செடி நிறையவே இருந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் அங்கேயே கிடந்து கணக்கெடுத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: எந்த மிர்மிகா தூக்கினாலும் புழு உள்ளே போகும், ஆனால் மிர்மிகா சபுலேட்டி என்ற ஒரே இனத்தின் கூட்டில்தான் நன்றாகப் பிழைக்கிறது. மற்ற மிர்மிகாக் கூடுகளோடு ஒப்பிட்டால் பிழைப்பு ஐந்து மடங்கு.

இப்போது வெயிலுக்கு வருவோம். சபுலேட்டிக்குச் சூடான மண் வேண்டும். இங்கிலாந்தில் அது கிடைப்பது தெற்குப் பார்த்த சரிவில், புல் 3 செ.மீ.க்குள் கடிபட்டிருக்கும் இடத்தில். புல் அதைத் தாண்டி வளர்ந்தால் மண் 2, 3 டிகிரி குளிரும். உடனே ஸ்காப்ரினோடிஸ் என்ற குளிர் தாங்கும் மிர்மிகா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புல்லைக் கடித்து வைத்திருந்தது முயல். 1953இல் மிக்ஸோமடோசிஸ் வைரஸ் பிரிட்டனுக்குள் நுழைந்து முயல்களில் பெரும்பகுதியை அழித்தது. மேய்ச்சலும் குறைந்துகொண்டு வந்தது. வைரஸ், முயல், புல், எறும்பு, பட்டாம்பூச்சி என்று சங்கிலி அறுந்தது. 1979இல் பிரிட்டனில் அது இல்லாமலே போனது.

1983இலிருந்து சுவீடனின் ஓலண்ட் தீவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். விடுவதற்கு முன்பே மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, புதரை வெட்டி, சபுலேட்டி கூடுகள் பெருகின பிறகுதான் விட்டார்கள். அந்த வரிசை முக்கியம். பட்டாம்பூச்சி நின்றது.

அதனால் மேகமலை வாசி சொல்கிற வெப்பமும் உண்மை, முசுறு சொல்கிற எறும்பும் உண்மை. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் வானிலை மாறி அது அழியவில்லை. மாறியது புல்லின் உயரம். வெப்பத்தை முடிவு செய்தது ஒரு முயலின் பல்.

மேகமலை_வாசி
மறுக்க முடியாத வழக்குதான். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. அது எல்லை ஓரத்தில் வாழும் இனம். சூடான நாட்டில் புல் கொஞ்சம் உயர்ந்தாலும் மண் போதுமான அளவு சூடாகத்தானே இருக்கும்?

புல்தரை
ஆமாம், அதனால்தான் இன்னும் தெற்கே போகும்போது சபுலேட்டி உயரமான புல்லிலும் வாழ்கிறது. எல்லை ஓரத்தில் இப்படிப்பட்ட உறவுகள் இறுகும், நடுவில் தளரும். டீச்சரின் தோட்டத்து இனங்களுக்கு மதுரை எல்லை ஓரமே அல்ல, நடுவீடு. அங்கே வெப்பத்தைக் குற்றம் சொல்ல இடம் குறைவு.

சிறுபூனைக்காலி
எல்லை நகர்ந்ததுக்கும் ஒரு உதாரணம் சேர்த்துக்கிறேன். டானி காஸ்டர், நம்ம ஊர் ரோட்டோரம் மெதுவா மிதந்து போகிற செம்மஞ்சள் பட்டாம்பூச்சி. இந்தியா, இலங்கைப் பக்கத்து இனம். தாய்லாந்து வழியா தெற்கே இறங்கி, 2006இல் சிங்கப்பூர், 2012இல் ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் வரை போயிடுச்சு. புழு தின்கிற செடிகளில் ஒண்ணு சிறுபூனைக்காலி. அது அமெரிக்காவிலிருந்து வந்த களை, இப்போ வெப்பமண்டலம் முழுக்கக் குப்பைமேடெல்லாம் இருக்கு. களை முன்னாடி போய்ப் பாதை போட்டுது, பூச்சி பின்னாடி போச்சுன்னு எனக்குத் தோணுது.

முசுறு
பாதி ஒத்துக்கிறேன். ஆஸ்திரேலியாவில் புழு முக்கியமா கிடைச்சது ஓரிதழ்தாமரையில். அது அங்கே ஏற்கனவே இருந்த செடி. அதாவது செடி காலங்காலமா இருந்தும் பூச்சி வராம இருந்திருக்கு. நடுவில் இருந்த கடலைத் தாண்டினதும் உட்கார்ந்துடுச்சு. தீவுகளைத் தாண்டி வர்றதுக்குக் களை உதவியிருக்கலாம், கடைசித் தாவலுக்குக் காத்து உதவியிருக்கும். எல்லாத்தையும் செடி மேலே போட முடியாது.

நர்சரிக்காரர்
டீச்சர் கேட்டதுக்கு வரலாமா? கறிவேப்பிலையில் புழு இல்லைங்கிறதுதான் எனக்கு உறுத்துது. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் மொட்டை மாடித் தொட்டியைக்கூட விடாது. கடையில் வாங்கின கன்றா? சில நர்சரிகளில் சாறு உறிஞ்சும் பூச்சிக்காக இமிடாகுளோப்ரிட்ங்கிற பூச்சிமருந்தை மண்ணிலேயே ஊத்துவாங்க. அது வேர் வழியா ஏறி இலை முழுக்க இருக்கும். முட்டை பொரிச்ச புழு முதல் கடியிலேயே போயிடும். இலையில் முட்டை தெரியும், கொஞ்ச நாளில் குண்டூசித்தலை அளவு கருப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மரமா நிக்கிற செடியில் இந்த மருந்து மாசக்கணக்கில் தங்கும். நிச்சயமா தெரியாத கன்றை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நம்பாதீங்க. பழம் பழுத்ததும் சதையைக் கழுவிட்டு உடனே விதைச்சா கறிவேப்பிலை தாராளமா முளைக்கும். காய்ஞ்ச விதை முளைக்காது.

இன்னொன்னு, கொழுந்து. முட்டை வைக்கிறது பெரும்பாலும் கொழுந்தில்தான். முத்தின இலையைச் சின்னப் புழுவால் கடிக்கவே முடியாது. எல்லாச் செடியையும் ஒரே நாளில் கவாத்து பண்ணாம, மூணில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்க. மூணு வாரம் கழிச்சு அடுத்த பங்கு. எப்பவும் ஏதாவது ஒண்ணில் கொழுந்து இருக்கும்.

ஈஸ்வரமூலி இரண்டு கொடி ரொம்பக் குறைவு. அதை நம்பி வர்றது ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும். ஒரு புழு பெருசாகிறதுக்குள்ள சின்னக் கொடியை மொட்டையடிச்சிட்டுத் தண்டையும் கடிக்கும். பத்துப் புழு இருந்தா பட்டினிதான், பட்டினியில் ஒண்ணை ஒண்ணு தின்னவும் செய்யும். உங்க கரிசலுக்கு ஆடுதீண்டாப்பாளை இன்னும் பொருத்தம். பருத்திக் காட்டுக் களை அது, தரையில் படரும். முப்பது நாற்பது செடி வைங்க, இரண்டு பாத்தியா பிரிச்சு, நடுவில் பத்தடி விட்டு. ஒரு பாத்தி மொட்டையானாலும் மத்தது நிக்கும், வேர்க்கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்க்கும். தண்ணி தேங்கினா அழுகும்.

அலங்காரத்துக்கு விற்கிற தென்னமெரிக்க அரிஸ்டொலோக்கியா எலிகன்ஸ் கொடியை மட்டும் வைக்காதீங்க. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங்ங்கிற பட்டாம்பூச்சி அந்தக் கொடியில் முட்டை வச்சுப் புழுவெல்லாம் செத்த கதை பிரசித்தம். வாசனை சொந்தச் செடி மாதிரி, உள்ளே விஷம் வேற. செடி இல்லாததைவிட அது மோசம்.

கரிசல்_டீச்சர்
கறிவேப்பிலை கடையில் வாங்கினதுதான். மருந்து பத்திக் கேட்கணும்னு தோணலை. எருக்குப் புழுவுக்கு எதிரி யாருன்னு பிள்ளைகளை வச்சே கண்டுபிடிக்க முடியுமா?

ஒட்டுண்ணி
முடியும். ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கரையில் ஜோசப் கானல் என்ற ஆய்வாளர் கொட்டலசுகளை (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டு உயிர்கள்) வைத்துச் செய்து 1961இல் வெளியிட்ட சோதனையின் அதே தர்க்கம்தான். பாறையின் மேல்பகுதியில் ஒரு இனம், கீழே இன்னொரு இனம். ஒரு பாதியில் கீழ் இனத்தைச் சுரண்டி எடுத்தார், மறுபாதியைத் தொடவில்லை. சுரண்டிய பாதியில் மேல் இனம் கீழேயும் நன்றாக வாழ்ந்தது. ஆக அதைக் கீழே வரவிடாமல் தடுத்தது அலையோ தண்ணீரோ அல்ல, பக்கத்து இனம் வளர்ந்து நெருக்கி நசுக்கியது. கீழ் இனம் மேலே போகாததற்குக் காரணம் அங்கே காய்ந்துபோவது. சந்தேகப்படுகிற உயிரை ஓரிடத்தில் விலக்கு, ஓரிடத்தில் விடு, ஒப்பிடு.

எருக்கில் இப்படிச் செய்யலாம். ஒரே உயரத்தில், ஒரே வெயிலில் இருக்கிற பன்னிரண்டு கிளைகள். நான்கில் கொசுவலைத் துணியில் தைத்த பை, இரண்டு முனையும் சுருக்குக் கயிற்றால் கட்டியது. நான்கில் அதே பை, ஆனால் அடிப்பக்கம் திறந்து, பக்கவாட்டில் உள்ளங்கை அகலம் கிழித்தது. நான்கில் பை இல்லை. நடுவில் சொன்ன கிழிந்த பையை விட்டுவிடாதீர்கள். வலை நிழல் தரும், காற்றைத் தடுக்கும், உள்ளே சூடும் மாறும். புழு பிழைத்தது எதிரி இல்லாததாலா, நிழலாலா என்று அந்தப் பைதான் சொல்லும். ஒவ்வொரு கிளையிலும் ஐந்து சின்னப் புழு விடுங்கள். பையில் கட்டுவதற்கு முன் சிலந்தி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு சிலந்தி உள்ளே மாட்டினால் அந்தக் கிளைக் கணக்கு வீண்.

தினமும் ஒரே நேரத்தில் எண்ணவும். முட்டை மூன்று நான்கு நாள், புழு இரண்டு வாரம் போல, கூடு ஒரு வாரத்துக்கு மேல். இலை தீர்ந்தால் பையை அடுத்த கிளைக்கு மாற்றவும்.

கொசுவலை பறவை, காகிதக் குளவி, டாக்கினிட் ஈ (இதன் குஞ்சு பட்டாம்பூச்சிப் புழுவுக்குள் வளரும்) மூன்றையும் நிறுத்தும். டிரைக்கோகிராமாவை நிறுத்தாது. அது பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும் அரை மில்லிமீட்டர் குளவி, வலைக்கண்ணில் தாராளமாக நுழையும். முட்டை வெளிறிய நிறத்திலிருந்து முழுக் கருப்பாகி, பொரிக்காமல், ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் அதன் வேலை. ஆனால் பொரிக்கப்போகிற முட்டையின் உச்சியும் கருக்கும், அது உள்ளே புழுவின் தலை. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெரிய புழு தொங்கிய நிலையில் தளர்ந்து, அடியிலிருந்து பிசின் போன்ற நூல் தரைவரை இறங்கியிருந்தால் டாக்கினிட். அந்த ஈயின் புழுக்கள் அந்த நூலில் இறங்கி மண்ணுக்குள் போயிருக்கும். கூட்டுப்புழுவில் பழுப்புக் கறையும் அதே கதை. புழுவின் பக்கத்தில் அரிசி போல வெள்ளை, மஞ்சள் கூடுகள் என்றால் பிராக்கோனிட் குளவி. தடயமே இல்லாமல் ஒரே நாளில் சின்னப் புழு மாயமானால் எறும்பையோ காகிதக் குளவியையோ சந்தேகிக்கலாம்.

முசுறு
எறும்புக்குத் தனிச் சோதனை வேணும். எருக்கில் மஞ்சள் அசுவினி மொய்க்கிற காலத்தில் அதன் தேன்கழிவுக்காக எறும்பு ஏறும், ஏறின எறும்பு முட்டையையும் சின்னப் புழுவையும் விடாது. தண்டில் ஒரு சாண் உயரத்தில் டேப் சுத்தி அதுமேலே கிரீஸ் தடவுங்க. நேரா பட்டை மேலே தடவினா தண்டு கெடும். பக்கத்துப் புல் நுனி, சுவர், வேற கிளை எதுவும் தொடக்கூடாது. ஒரே ஒரு புல் பாலம் போதும், மொத்த எறும்பும் ஏறிடும்.

ஆனா எறும்புப் பொடி போட்டுத் தோட்டம் முழுக்கக் கொல்லாதீங்க. சைகஸ் இருக்குன்னு சொன்னீங்களே, அதில் வர்ற பிளெயின்ஸ் கியூபிட்ங்கிற பட்டாம்பூச்சியோட புழுவுக்கு எறும்புதான் காவல். புழு இனிப்புச் சொட்டு சுரக்கும், எறும்பு குளவியை விரட்டும். அந்தப் பூச்சிக்கும் சைகஸ் குருத்து விரியுற சில நாள்தான் சாப்பாடு, முத்தினா தொடாது. அலங்காரச் சைகஸ் வியாபாரத்தோடயே அது எகிப்து, மொரிஷியஸ் வரை போயிருக்கு. ஒரே எறும்பு ஒரு செடியில் கொலைகாரன், பக்கத்துச் செடியில் காவல்காரன்.

மேகமலை_வாசி
ரணகள்ளியில் வளரும் சிவப்பு பியரோ பட்டாம்பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. அதன் புழு இலைக்குள்ளேயே குடைந்து வாழும். வெளியே தேடினால் தெரியாது. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், சதை காலியான கண்ணாடி போன்ற திட்டும், ஓட்டை வாயில் கருப்புக் கழிவும் தெரியும். டீச்சரின் தோட்டத்தில் அது ஏற்கனவே குடியிருக்கலாம்.

புல்தரை
கறிவேப்பிலை அழகியையும் ஆடுதீண்டாப்பாளையையும் பக்கத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கறிவேப்பிலை அழகியின் பெண்ணுக்கு மூன்று உருவம்: ஒன்று ஆணைப் போல, ஒன்று ரோஜா அழகியைப் போல, ஒன்று சிவப்புடல் அழகியைப் போல. அந்த இரண்டு அழகிகளும் தின்ற செடியின் நஞ்சை உடலில் வைத்திருப்பதால் பறவை தொடாது. சிவப்புடல் அழகி போன்ற உருவம் இருப்பது சிவப்புடல் அழகி வாழும் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும். ஜப்பானின் மியாகோ தீவில் ரோஜா அழகி 1960களின் கடைசியில் குடியேறிய பிறகு வந்த ஆண்டுகளில், அதைப் போன்ற உருவம் பூண்ட பெண்களின் பங்கு கூடியது. எந்த உருவம் எங்கே நிலைக்கும் என்பதைப் பறவையின் நினைவு முடிவு செய்கிறது, பறவைக்குப் பாடம் சொல்வது ஒரு தரைக்களை.

சிறுபூனைக்காலி
ஒரு அவசரக் கேள்வி. காய்ஞ்ச தேள்கொடுக்குச் செடியைத் தலைகீழாத் தொங்கவிட்டா வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பனும் கூட்டமா வரும்னு சொல்றாங்களே, டீச்சருக்கு அது உதவாதா?

ஒட்டுண்ணி
வரும், பெரும்பாலும் ஆண்கள். செடியிலுள்ள ஆல்கலாய்டை உறிஞ்சி மணப்பொருள் செய்துகொள்ளும். கிலுகிலுப்பையிலும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான காட்சி. ஆனால் அது கூடுகிற இடம், குடியிருப்பு அல்ல. கணக்கெடுப்பில் அந்தக் கூட்டத்தை வாழிடமாகப் பதிந்துவிட்டால் வரைபடமே பொய்யாகும். புழுவோ முட்டையோ கண்டால்தான் "வாழ்கிறது" என்று எழுத வேண்டும்.

நர்சரிக்காரர்
டீச்சர், வளாகத்தில் வேம்பு, மா ஏதாவது இருக்கா? அதில் புல்லுருவி இருந்தா உடனே வெட்டிடாதீங்க. காமன் ஜெஸபெல் பட்டாம்பூச்சி கொத்தா முட்டை வைக்கிறது புல்லுருவி இலையில். புல்லுருவிப் பூவுக்குத் தேன்சிட்டு, பழத்துக்குப் பூங்கொத்தி. பழத்துச் சதையில் ஒட்டும் பசை உண்டு, பூங்கொத்தி கழிக்கும்போது விதை நூல் மாதிரி தொங்கும், பறவை அதைக் கிளையில் தேய்ச்சு விடும், விதை அங்கேயே ஒட்டிக்கும். பழம் இருக்கிற மரத்துக்கே பறவை திரும்பத் திரும்ப வர்றதால ஒரே மரத்தில் பத்துக் கொத்து, பக்கத்து மரத்தில் ஒண்ணும் இருக்காது. ஜெஸபெல் எந்தத் தெருவில் வளரும்னு தெரியணும்னா பூங்கொத்தி உட்கார்ற மரத்தைப் பாருங்க. மரம் தாங்குற அளவுக்கு இரண்டு மூணு கொத்து விட்டுட்டு மீதியை, ஒட்டின இடத்துக்கு ஒரு அடி கீழே கிளையோட எடுங்க. இலையை மட்டும் பறிச்சா திரும்பத் துளிர்க்கும்.

கரிசல்_டீச்சர்
பின்பக்க வேம்பில் புல்லுருவி இருக்கு, வெட்ட ஆள் சொல்லியிருந்தாங்க, நிறுத்தியாச்சு. ரணகள்ளி இலையைத் தூக்கிப் பார்த்தோம், கண்ணாடித் திட்டு இருக்கு! எருக்குக்கு நாளைக்குப் பை தைக்கிறோம். ஒரே சந்தேகம்: ஆடுதீண்டாப்பாளையைப் பருத்திக் காட்டிலிருந்து பிடுங்கி வரலாமா, விதையா?

நர்சரிக்காரர்
விதை. காய் காய்ஞ்சு பிளக்கிற நேரத்தில் பையில் பிடிங்க, தட்டையா முக்கோணமா இருக்கும். பிடுங்கினா கிழங்கு அறுந்து வாடும், காட்டில் அடிச்ச களைக்கொல்லியும் கூடவே வரும். ஒரு நாள் ஊறவச்சு, அரை அங்குல ஆழத்தில், மணல் கலந்த கரிசல் நிரப்பின தட்டில் போட்டு, மேலே வலை மூடுங்க. எல்லாம் ஒண்ணா முளைக்காது, தட்டைக் கலைச்சிடாதீங்க. செடி ஒரு சாண் படர்ந்த பிறகு வலையை எடுங்க. அதுக்கு முன்னாடி முட்டை விழுந்தா செடியும் போகும், புழுவும் போகும்.

ஒட்டுண்ணி
பை தைக்கும்போது வெள்ளைத் துணி. கருப்பு வலை மதியத்தில் உள்ளே வேகும், அப்புறம் மறுபடியும் "வெயில்தான் காரணம்" என்று வந்து நிற்பீர்கள்.